மீதி 179 நாட்கள்

2024 ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் டென்னசி மாநில ஆளுநர் பில் லீ ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூட ஆசிரியர்களும் ஊழியர்களும் துப்பாக்கியை மறைவாக வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போகலாம் என்பதுதான் அதன் சாரம். நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. 40 மணி நேரப் பயிற்சி வேண்டும், மனநலப் பரிசோதனை வேண்டும், பள்ளி நிர்வாகமும் உள்ளூர் போலீசும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஆனால் எந்த டீச்சரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரியாது, அது ரகசியம். இந்தச் சட்டத்துக்கு ஓராண்டு முன்னால், 2023 மார்ச் 27 அன்று, அந்த மாநிலத்தின் தலைநகரான நாஷ்வில்லில் கவனன்ட் என்ற சிறிய பள்ளிக்குள் பழைய மாணவர் ஒருவர் புகுந்து ஆறு பேரைச் சுட்டுக் கொன்றிருந்தார். அதில் மூன்று பேர் ஒன்பது வயதுக் குழந்தைகள். அந்தத் துயரத்துக்கு மாநிலம் கொடுத்த பதில்களில் ஒன்று இது. அந்தப் பள்ளியின் பெற்றோரிலேயே சிலர் 'எங்களுக்கு இது வேண்டாம்' என்று மனுக் கொடுத்தார்கள். சட்டம் நிறைவேறிவிட்டது. அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் இப்படி ஒரு அனுமதி இன்று இருக்கிறது. நம்மவர் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஆகவே 'அது அவங்க ஊர் கூத்து' என்று சொல்லிவிட்டு நகர முடியவில்லை.

இதை ஆதரிப்பவர்களைத் துப்பாக்கிப் பைத்தியங்கள் என்று தள்ளிவிடுவது எளிது. அது நியாயமில்லை. அவர்களுடைய வாதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். 2000 முதல் 2013 வரை கவனன்டில் நடந்தது போன்ற 160 துப்பாக்கிச் சூடுகளை எஃப்.பி.ஐ. ஆராய்ந்தது. பள்ளிகள் மட்டுமல்ல, கடைகள், அலுவலகங்கள் எல்லாம் சேர்த்து. எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெரிந்த 63 சம்பவங்களில் 44 சம்பவங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, போலீஸ் வந்து சேரும் முன்பே முடிந்தவை. போலீஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் வேலை முடிந்த பிறகுதான் வருகிறது என்றால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர் கையில்தானே ஆயுதம் இருக்க வேண்டும்? டெக்சாஸில் ஹாரோல்ட் என்ற குக்கிராமம் 2007லேயே தன் ஆசிரியர்களுக்குத் துப்பாக்கி அனுமதி கொடுத்ததற்குக் காரணம் இதுதான். ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து வண்டி கிளம்பி அங்கே வந்துசேர அரை மணி நேரம் ஆகும். 1997ல் மிசிசிப்பியின் பேர்ல் நகரப் பள்ளியில் இரண்டு மாணவிகளைக் கொன்றுவிட்டுக் காரில் தப்பப் பார்த்தவனை, துணை முதல்வர் தன் வண்டியில் இருந்த பிஸ்டலை எடுத்துவந்து மடக்கிப் பிடித்தார். இதெல்லாம் நடந்தவை, கட்டுக்கதை அல்ல.

ஆனால் இந்த வாதம் முழுக்க அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியது. துப்பாக்கியோ ஐந்து நிமிடத்துக்கு மட்டும் பள்ளிக்கு வருவதில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளியாண்டு என்பது 180 நாள். ஒரு பள்ளிக்கு அந்தக் கொடிய நாள் வந்தே தீரும் என்று வைத்துக்கொண்டாலும் மீதி 179 நாளும் அது அங்கேதான் இருக்கிறது. காலை அணிவகுப்பில், மதிய உணவுக் கூடத்தில், கழிப்பறையில், பெற்றோர் சந்திப்பில். உண்மையில் அந்த நாடு முழுவதும் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அந்த நாள் எத்தனை தலைமுறை ஆனாலும் வரப்போவதில்லை. அங்கே கொல்லப்படும் பள்ளி வயதுப் பிள்ளைகளில் பள்ளி வளாகத்துக்குள் கொல்லப்படுபவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. மற்றவர்கள் வீட்டிலும் தெருவிலும் கொல்லப்படுகிறார்கள். ஆகவே நாம் எடைபோட வேண்டியது 'அந்த நிமிடத்தில் துப்பாக்கி இருந்தால் நல்லதா' என்பதை மட்டும் அல்ல. அந்த நிமிடத்துக்காக, அது வராத இடங்களிலும் சேர்த்து, எத்தனை கோடி சாதாரண நிமிடங்களில் ஒரு தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பிள்ளைகள் நடுவில் வைக்கிறோம் என்பதையும்தான்.

கோடி என்று சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2023ல் ஆசிரியர்களிடம் கேட்டது. அனுமதித்தால் துப்பாக்கி எடுத்துவர விருப்பம் என்றவர்கள் 19 சதவீதம். நாடு முழுவதற்கும் விரித்தால் சுமார் ஐந்தரை லட்சம் பேர் வரும் என்று அவர்களே மதிப்பிட்டார்கள். (அதே ஆய்வில் 54 சதவீத ஆசிரியர்கள், இதனால் பள்ளியின் பாதுகாப்பு குறையும் என்றார்கள். கூடும் என்றவர்கள் 20 சதவீதம்தான்.) ஐந்தரை லட்சத்தை 180ஆல் பெருக்குங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி 'துப்பாக்கி நாட்கள்'. இப்போது ஆசிரியர்கள் எல்லோரும் அசாத்திய கவனம் உள்ளவர்கள், பத்து லட்சம் நாளில் ஒரே ஒரு நாள்தான் தவறுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது நான் வாதத்துக்காக எடுத்துக்கொண்ட எண்தான், எந்த ஆய்விலும் வந்ததல்ல. வீட்டுச் சாவியைக் கூட அப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் மனிதர் யாரும் கிடையாது. அப்படியும் ஆண்டுக்கு நூறு தவறு. மறந்து வைத்த துப்பாக்கி, தவறி வெடித்த துப்பாக்கி, கோபத்தில் உருவிய துப்பாக்கி. அந்த நூறும் குழந்தைகள் இருக்கும் கட்டடத்துக்குள்.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. 2014 செப்டம்பரில் யூட்டா மாநிலத்தில், சட்டப்படி லைசென்ஸ் வைத்திருந்த ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையின் துப்பாக்கி ஆசிரியர் கழிப்பறையில் வெடித்தது. பீங்கான் கழிப்பிடம் சிதறி அவர் காலிலேயே பாய்ந்தது. 2018 பிப்ரவரி கடைசியில் ஜார்ஜியாவின் டால்டன் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் வகுப்பைப் பூட்டிக்கொண்டு, கதவைத் திறக்க வந்தவர்களை விரட்டத் துப்பாக்கியால் சுட்டார். அடுத்த மாதமே கலிபோர்னியாவின் சீசைட் பள்ளியில், போலீசிலும் பகுதிநேரமாகப் பணிபுரிந்த ஒரு ஆசிரியர் மாணவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்தும்போது துப்பாக்கி கூரையை நோக்கி வெடித்தது. கூரையிலிருந்து தெறித்து விழுந்ததில் ஒரு மாணவனுக்குக் காயம். பயிற்சி இல்லாதவர் என்று அவரைச் சொல்ல வழியே இல்லை. இன்னொன்று கொஞ்சம் வேதனையான வேடிக்கை. 17 பேரைப் பலிகொண்ட ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியிலேயே வேலை பார்த்த ஒரு ஆசிரியர், தேவைப்பட்டால் துப்பாக்கி தாங்கத் தயார் என்று சொன்னவர், சில வாரங்களில் கடற்கரைக் கழிப்பறையில் தன் கைத்துப்பாக்கியை மறந்து வைத்துவிட்டு வந்தார். அங்கே வந்த ஒரு குடிகாரர் அதை எடுத்துச் சுவரில் சுட்டுப் பார்த்தார். இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. மனிதர்கள், அவ்வளவுதான்.

ஒரு வகுப்பறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். முதல் வகுப்பு டீச்சர் ஒரு நாளில் எத்தனை தடவை குனிகிறார்? ஷூ கயிறு கட்ட, கீழே விழுந்த பென்சிலை எடுக்க, அழுகிற குழந்தையின் முகத்துக்கு நேராக உட்கார. ஆறு வயதுக் குழந்தை கட்டிக்கொள்வது டீச்சரின் இடுப்பைத்தான், அதன் கைக்கு எட்டும் உயரம் அதுதான். துப்பாக்கி இருப்பதும் அங்கேதான். இடுப்பில் வேண்டாம், மேசை இழுப்பறையில் பூட்டி வைக்கலாம் என்றால், மேலே சொன்ன ஐந்து நிமிடத்தில் டீச்சர் மேசைக்கு ஓடி, சாவியைத் தேடி, பூட்டைத் திறந்து எடுக்க வேண்டும். விரல் ரேகைப் பெட்டி என்றாலும் அந்தப் பெட்டி இருக்கும் அறையில் அவர் அந்த நேரத்தில் இருக்க வேண்டும். உடனே கைக்கு வரும்படி வைத்தால் அது பிள்ளைகள் கைக்கும் வரும். பிள்ளைகள் கைக்கு வராதபடி வைத்தால் நேரத்துக்கு உதவாது. இந்த இழுபறியை எந்தப் பயிற்சியாலும் தீர்க்க முடியாது, ஏனென்றால் இது ஆளின் குறை அல்ல, பொருளின் இயல்பு. இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் கல்வியாளர்கள் அல்ல, இன்ஷூரன்ஸ்காரர்கள். கான்சஸ் மாநிலம் 2013ல் பள்ளி ஊழியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள வழிசெய்தபோது, அந்த மாநிலத்தின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களுக்குக் காப்பீடு கொடுத்துவந்த இ.எம்.சி. நிறுவனம் அப்படிப்பட்ட பள்ளிகளுக்குக் காப்பீடு தர முடியாது என்று கையை விரித்துவிட்டது. அவர்களுக்குத் துப்பாக்கி மேல் வெறுப்பும் இல்லை, பிரியமும் இல்லை. நஷ்டம் எங்கிருந்து வரும் என்று பார்ப்பது அவர்கள் தொழில்.

சரி, அந்த ஐந்து நிமிடத்துக்கே வருவோம். அங்கேயாவது கணக்கு ஆசிரியர் பக்கம் இருக்கிறதா? நியூயார்க் போலீசுக்காக ராண்ட் நிறுவனம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. 1998 முதல் 2006 வரை, எதிரியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீசார் சுட்ட தோட்டாக்களில் குறியில் பட்டவை 18 சதவீதம். எதிரி சுடாத போதும் 30 சதவீதம்தான். மீதித் தோட்டாக்கள் சுவரிலும் வாகனத்திலும் போய் இறங்கியிருக்கும், சில நேரம் மனிதர் மேலும். 2012ல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில் ஒரு கொலையாளியைப் போலீசார் சுட்டபோது வழியில் போன ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இதையே தொழிலாகச் செய்பவர்களின் நிலை இது. ஒஹையோ மாநிலத்தில் ஆயுதம் தாங்கும் பள்ளி ஊழியருக்கு 700 மணி நேரத்துக்கும் மேற்பட்ட போலீஸ் பயிற்சி வேண்டும் என்று 2021ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்துக்கு விளக்கம் சொன்னது. மறு ஆண்டே சட்டமன்றம் சட்டத்தை மாற்றி அதை 24 மணி நேரத்துக்குள் அடக்கிவிட்டது. ஒரு சனி, ஒரு ஞாயிறு, இன்னொரு சனி. மூன்று நாளில் கற்றுக்கொண்டதை வைத்து, அலறிக்கொண்டு ஓடும் முப்பது பிள்ளைகள் நடுவில் ஒருவனை மட்டும் குறிபார்த்து அடிக்க வேண்டும். நெஞ்சைத் தொட்டு இதை நம்புகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆயுதம் இருந்தும் காப்பாற்ற முடியாமல் போன கதைகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. 1999ல் கொலம்பைன் பள்ளியில் ஆயுதம் தாங்கிய போலீஸ்காரர் பணியில் இருந்தார், கொலையாளியோடு சுட்டுச் சண்டையும் போட்டார், குறி தவறியது. 2018ல் டெக்சாஸின் சாண்டா ஃபே பள்ளியில் ஆயுதத்தோடு காவலர்கள் இருந்தார்கள். பத்து பேர் இறந்தார்கள், காவலர் ஒருவரே படுகாயமடைந்தார். பார்க்லண்டில் பணியில் இருந்த ஆயுதக் காவலர் கட்டடத்துக்குள்ளேயே போகவில்லை. 2022ல் டெக்சாஸின் யுவால்டே பள்ளியில் 376 போலீசார் திரண்டு நின்றும் 77 நிமிடம் கொலையாளி இருந்த வகுப்புக்குள் நுழையவில்லை, 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் போய்விட்டார்கள். இதைச் சொன்னதும் எதிர்த்தரப்பு ஒன்று கேட்கும்: 'போலீஸ் பயந்து நின்றதால்தானே சொல்கிறோம், உள்ளே இருந்த அந்த ஆசிரியைகளிடம் துப்பாக்கி இருந்திருந்தால்?' கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அத்தனை போலீசாரைத் தயங்க வைத்தது உள்ளே இருந்தவனின் ஏ.ஆர். ரக ரைபிள். அதற்கு எதிரே ஒரு நான்காம் வகுப்பு டீச்சர் கைத்துப்பாக்கியோடு நின்று ஜெயித்திருப்பார் என்பது ஆசை, வாதம் அல்ல. யுவால்டே பற்றி டெக்சாஸ் சட்டமன்றக் குழு எழுதிய அறிக்கையில் என் கண்ணில் உறுத்துவது வேறொன்று. கொலையாளி நுழைந்த 111ஆம் எண் அறையின் கதவு சரியாகப் பூட்டாது, அது பள்ளியில் பலருக்கும் தெரியும், யாரும் சரிசெய்யவில்லை. சாண்டி ஹுக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு கனெக்டிகட் மாநிலம் அமைத்த ஆலோசனைக் குழுவும் முதலில் கேட்டது, உள்ளிருந்து பூட்டக்கூடிய வகுப்பறைக் கதவுகளைத்தான். ஒரு பூட்டு ரிப்பேருக்கு ஆகும் செலவில் யாருக்கும் தேர்தல் மேடைப் பேச்சு கிடைக்காது என்பதுதான் அதன் குறை.

அந்த நிமிடங்களில் ஆசிரியரின் வேலை என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். கதவைப் பூட்டுவது, விளக்கை அணைப்பது, இருபத்தைந்து குழந்தைகளைச் சுவரோரமாக ஒடுக்கி வைத்துச் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது. துப்பாக்கியோடு நடைக்கூடத்துக்குப் போகிறவர் அந்த இருபத்தைந்து பேரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே போலீஸ் வந்தால், கையில் துப்பாக்கியோடு நிற்கும் சாதாரண உடைக்காரர் டீச்சரா கொலையாளியா என்று பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு நேரம் இருக்காது. 2021 ஜூனில் கொலராடோவின் அர்வாடா நகரில் இதுவே நடந்தது, பள்ளியில் அல்ல, கடைத்தெருவில். ஒரு போலீஸ்காரரைக் கொன்றவனைச் சாதாரணக் குடிமகன் ஒருவர் தன் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். பின்னால் வந்த போலீஸ்காரர் அவரையே கொலையாளி என்று நினைத்துச் சுட்டுக் கொன்றுவிட்டார். நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பிணம் அது.

எனக்கு இதையெல்லாம் விடக் கனமாகப் படுவது ஒன்று உண்டு. எதிரில் வருபவன் யார்? முகமூடி போட்ட வெளியூர்க்காரன் அல்ல. அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் 2008 முதல் 2017 வரை பள்ளிகளில் நடந்த 41 தாக்குதல்களை எடுத்து ஆராய்ந்தது. தாக்கியவர்கள் அந்தந்தப் பள்ளியின் மாணவர்கள், அல்லது சமீபத்தில்தான் விலகியவர்கள். அதாவது சென்ற வருடம் வரை டீச்சர் யாருடைய நோட்டைத் திருத்தினாரோ அவன். 2021 மே மாதம் ஐடஹோவின் ரிக்பி நகரில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து மூன்று பேரைச் சுட்டாள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். கணித ஆசிரியை ஒருவர் அவளிடம் மெதுவாக நடந்து போய், கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி, அவளை இழுத்து அணைத்துக்கொண்டு போலீஸ் வரும் வரை அப்படியே நின்றார். அவர் இடுப்பிலும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவருக்குக் கொடுத்த பயிற்சி அந்தச் சிறுமியைக் குறியாகப் பார்க்கத்தான் சொல்லிக்கொடுத்திருக்கும். 2018ல் இந்தியானாவின் நோபிள்ஸ்வில்லில் ஒரு அறிவியல் ஆசிரியர் தோட்டாக்களை வாங்கிக்கொண்டே மாணவனைப் பாய்ந்து அமுக்கினார். முன்னே சொன்ன எஃப்.பி.ஐ. கணக்கிலும் இதுவே தெரிகிறது. 160 சம்பவங்களில் ஆயுதம் இல்லாத சாதாரண மக்கள் மடக்கி முடித்தவை 21. போலீஸ் அல்லாத ஆயுதக்காரர்கள் சுட்டு முடித்தவை 5. ஆயுதம் உள்ளவர்கள் அந்த இடங்களில் எண்ணிக்கையில் குறைவாக இருந்திருக்கலாம், ஆகவே இந்த இரண்டு எண்களை வைத்து மட்டும் தீர்ப்பெழுத மாட்டேன். ஆனாலும் வெறுங்கையோடு இருப்பவர் பலியாடு மட்டுமே என்ற பேச்சு பொய் என்பதற்கு இது போதும்.

'டீச்சரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் எவனும் அந்தப் பக்கம் வரமாட்டான்' என்பது அடுத்த வாதம். திருடனுக்குப் பொருந்தும், திருடன் உயிரோடு வீடு திரும்ப நினைப்பவன். இவர்களில் பலர் சாகவே வருகிறார்கள். 1980 முதல் 2019 வரையிலான 133 பள்ளிச் சம்பவங்களை வைத்து 2021ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழொன்றில் ஒரு ஆய்வு வந்தது. ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் உயிரிழப்பு விகிதம் 2.83 மடங்கு அதிகம் என்றது அது. காவலர் இருந்ததால்தான் சாவு கூடியது என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது. பெரிய பள்ளிகள், கனரக ஆயுதங்கள் எனப் பல காரணங்கள் பின்னால் இருக்கலாம். ஆனால் துப்பாக்கி இருப்பது தெரிந்தால் பயந்து ஓடுவான் என்ற நம்பிக்கைக்கு இதில் ஒரு துளி ஆதாரமும் கிடைக்காது.

விமானிகளைக் காட்டி ஒரு வாதம் வைப்பார்கள். 2001 தாக்குதலுக்குப் பிறகு விமானிகளுக்குத் துப்பாக்கி கொடுத்தார்களே, ஆசிரியருக்கு மட்டும் ஏன் கூடாது? விமானி அறை என்பது பலப்படுத்திய கதவுக்குப் பின்னால் இரண்டு பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் இடம். குழந்தைகள் அங்கே ஓடியாடுவதில்லை. அப்படிப்பட்ட அறையிலேயே 2008 மார்ச்சில், டென்வரிலிருந்து சார்லட் போன விமானத்தில், விமானியின் துப்பாக்கி உறையில் வைக்கும்போது வெடித்து விமானத்தின் பக்கவாட்டைத் துளைத்தது. உறையின் பூட்டு விசைக்கு அருகே வரும்படி அமைந்திருந்ததுதான் பிரச்சினை என்று அப்போது பேசப்பட்டது. பத்திரமாகப் பூட்டப் போய்த்தான் வெடித்தது. மேலே சொன்ன இழுபறி அங்கேயும் விடவில்லை.

அமெரிக்காவை விட்டால் இந்தச் சோதனையைச் செய்து பார்த்த இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் ராணுவப் பள்ளியில் தாலிபான்கள் 130க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றார்கள். அடுத்த மாதமே கைபர் பக்துன்க்வா மாகாண அரசு ஆசிரியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதித்தது. பெண் ஆசிரியைகளுக்குப் போலீசே பயிற்சி கொடுத்தது. அங்கே வந்த ஆபத்து மனம் சிதறிய ஒரு பையன் அல்ல, திட்டமிட்டு வரும் தீவிரவாதக் குழு. ஆகவே ஆசிரியருக்கு ஆயுதம் என்ற வாதத்துக்கு உலகிலேயே மிக வலுவான களம் அதுதான். 2016 ஜனவரியில் சார்சத்தாவின் பச்சா கான் பல்கலைக்கழகத்தில் தாக்குதல் நடந்தபோது வேதியியல் உதவிப் பேராசிரியர் சையத் ஹமீத் ஹுசைன் கைத்துப்பாக்கியால் திருப்பிச் சுட்டு, மாணவர்கள் சிலர் தப்பிக்க நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டு இறந்தார். அந்த வீரத்தைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பு, 2015 ஜூலையில், அதே மாகாணத்தின் ஸ்வாத் பகுதியில் ஆசிரியர் ஒருவர் துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது அது வெடித்து 12 வயது மாணவன் செத்துப்போனான். தாக்குதல் எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாள். அனுமதி கொடுத்து ஆறே மாதம்தான் ஆகியிருந்தது.

விருப்பப்பட்டவர்கள்தானே வைத்துக்கொள்கிறார்கள், யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்று கடைசியாகக் கேட்பார்கள். ஆசிரியருக்கு விருப்பம், சரி. அந்த வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு விருப்பத்தைக் கேட்டது யார்? டென்னசியில் பெற்றோருக்குச் சொல்வதுகூட இல்லை. சேர்க்கைப் படிவத்தில் வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, வகுப்பில் யாரும் வேர்க்கடலை கொண்டுவரக் கூடாது என்று கடிதம் அனுப்பும் பள்ளிகள் அவை. ஹாரோல்ட் மாதிரி அரை மணி தூரத்தில் போலீஸ் இருக்கும் ஊர்களுக்கு நான் வேறு பதில் வைத்திருக்கிறேன். அங்கே ஆயுதம் வேண்டும் என்றால், அதையே முழுநேர வேலையாகச் செய்ய, பாடம் நடத்தாத, பயிற்சி பெற்ற ஒருவரை நியமியுங்கள். ஃபுளோரிடா 2018ல் முதலில் அப்படித்தான் தொடங்கியது. 144 மணி நேரப் பயிற்சி, பாடம் மட்டுமே நடத்தும் ஆசிரியர்கள் சேர முடியாது. மறு ஆண்டு அந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவின் அபலாச்சி பள்ளியில் நான்கு பேர் இறந்த பிறகு கொலையாளியை நேருக்கு நேர் சந்தித்துச் சரணடைய வைத்தவர்கள் பள்ளிக் காவலர்கள். அங்கே ஆசிரியர்கள் கழுத்தில் இருந்தது துப்பாக்கி அல்ல, அபாய பட்டன் வைத்த அடையாள அட்டை. அதை அழுத்தித்தான் செய்தி போனது.

துப்பாக்கி பள்ளிக்குள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். சீக்ரெட் சர்வீஸ் ஆய்வில் துப்பாக்கியால் நடந்த தாக்குதல்களில் சுமார் முக்கால்வாசியில் அது பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து எடுத்தது. 2021ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி தோட்டா நிரப்பிப் பூட்டாமல் வைத்த துப்பாக்கி இருக்கும் வீடுகளில் 46 லட்சம் அமெரிக்கக் குழந்தைகள் வாழ்ந்தார்கள். 2021 நவம்பர் 30 அன்று மிச்சிகனின் ஆக்ஸ்ஃபர்ட் பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்ற 15 வயதுப் பையனுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்ததே அவன் அப்பாதான். அன்று காலை அவன் கணக்குத் தாளில் வரைந்திருந்த படத்தைப் பார்த்துப் பதறிப் பள்ளி நிர்வாகம் பெற்றோரை வரவழைத்தது. அவர்கள் பையனை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. துப்பாக்கி இருந்த புத்தகப் பை பள்ளி ஆலோசகரின் அறைக்கே வந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்த அறையில் குறைவாக இருந்தது ஆயுதமா, கவனமா? 2024ல் அப்பா அம்மா இருவருக்கும் தலா 10 முதல் 15 ஆண்டு சிறை. பள்ளியில் பிள்ளை சுட்டதற்காகப் பெற்றோர், கொலை நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றவாளிகளாக அங்கே தீர்ப்பளிக்கப்பட்டது அதுவே முதல் முறை. முன்கூட்டியே தகவல் சொல்லித் தடுத்த சம்பவங்களும் உண்டு. நடக்காமல் தடுக்கப்பட்ட 67 சதித் திட்டங்களை சீக்ரெட் சர்வீஸ் 2021ல் தனி அறிக்கையாகவே வெளியிட்டது. பெரும்பாலும் உடன் படிக்கும் பிள்ளைகள் ஏதோ காதில் விழுந்ததைப் பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொன்னதால் தடுக்கப்பட்டவை. ஒரு பிள்ளை அப்படிப் போய்ச் சொல்ல வேண்டுமானால் அந்தப் பெரியவரைக் கண்டு பயமில்லாமல் இருக்க வேண்டும்.

டென்னசிக்கே திரும்பினால், சட்டம் வந்ததும் நாஷ்வில், மெம்ஃபிஸ் போன்ற பெரிய பள்ளி மாவட்டங்கள் தங்கள் ஆசிரியர்களுக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிட்டன. 2023 ஆகஸ்டில், கவனன்ட் கொலைகளுக்குப் பிறகு கூட்டிய சிறப்புக் கூட்டத்தொடரில், அதே சட்டமன்றம் இன்னொரு சிறிய காரியமும் செய்திருந்தது. துப்பாக்கிப் பூட்டுகளை மக்களுக்கு இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு. அந்தக் கூட்டத்தொடரில் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்று கோபப்பட்ட பெற்றோர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால் ஆசிரியருக்குத் துப்பாக்கி கொடுத்த சட்டத்தை விட அந்தப் பூட்டு பிரச்சினைக்கு எவ்வளவோ பக்கத்தில் இருக்கிறது. என்ன, வாங்கிப் போகிறவர் அதைப் பூட்டவும் வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எந்த இடத்திலும் கட்டாயம் இல்லை.